ஐரோப்பிய ஜூடோ சாம்பியன்ஷிப்: எல்லா வழக்கும் முதலில் இங்கேதான்

ஒலிம்பிக் நடக்கும் இரண்டு வாரம் மட்டும் நம் செய்தித்தாள்களில் ஜூடோ எட்டிப் பார்க்கும். அப்போது தொலைக்காட்சியில் தெரிவது இதுதான்: ஒருவருக்கு வெள்ளை உடை, எதிரே நிற்பவருக்கு நீல உடை. கிலோ கணக்கில் பிரித்த எடைப் பிரிவுகள். ஆண்களுக்கு ஏழு, பெண்களுக்கு ஏழு என்று சமமான தனிநபர் தங்கங்கள். 1882இல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ கோடோக்கான் பள்ளியைத் தொடங்கியபோது இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. மூன்றும் வேரூன்றியது ஐரோப்பாவில். ஜூடோவின் தாய்வீடான ஜப்பான் மூன்றையும் தயக்கத்தோடோ எதிர்ப்போடோதான் பார்த்தது.

அதனால்தான் ஐரோப்பிய ஜூடோ சாம்பியன்ஷிப்பை ஒரு கண்டத்தின் உள்வீட்டுப் போட்டி என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ஒலிம்பிக் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. உலக சாம்பியன்ஷிப் நெடுங்காலம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் நடந்தது. ஐரோப்பியப் போட்டியோ 1951 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் நடந்துவருகிறது. எனவே எந்த விதியாக இருந்தாலும், எந்தப் பிடியாக இருந்தாலும், எந்தக் கொடியைப் பற்றிய சண்டையாக இருந்தாலும், அது முதலில் முட்டிக்கொண்டது இந்தப் பாய்மேல்தான்.

உலக அமைப்புக்கு மூத்தது

ஐரோப்பாவுக்கு ஜூடோ ஒரே வழியாக வந்து சேரவில்லை. லண்டனில் குன்ஜி கொய்சுமி 1918இல் தொடங்கிய புடோக்வாய் சங்கம் ஒரு வாசல். ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டைச் சேர்ந்த ஆல்பிரட் ரோடே நடத்திய கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் இன்னொன்று. 1935இல் பாரிசுக்கு வந்த மிகினோசுகே கவாய்ஷி மூன்றாவது. பிரெஞ்சுக்காரர்களுக்குப் பொறுமை குறைவு, கறுப்புப் பட்டை கிடைக்கும்வரை பத்தாண்டு காத்திருக்க மாட்டார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இடையிடையே வண்ண வண்ணப் பட்டைகளைக் கொடுத்து ஆட்களைத் தக்கவைக்கும் முறை அவரால்தான் பிரான்சில் பரவியது. இன்று நம் ஊர்க் கராத்தே வகுப்பில் பிள்ளைகள் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று வாங்கிவரும் பட்டைகளுக்கும் அதே வம்சாவளிதான்.

கானோ 1933இல் ஐரோப்பாவுக்கு வந்தார். பல நாட்டு ஜூடோக்காரர்களும் சேர்ந்து ஓர் அமைப்பு உண்டாக்க வேண்டும் என்ற பேச்சு அப்போது வலுத்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் என்ற பெயரிலேயே ஒரு போட்டியும் நடந்தது. ஆனால் 1934இன் ஜெர்மனி எந்தச் சர்வதேச முயற்சியும் நிம்மதியாக வளரக்கூடிய இடமாக இல்லை. பிறகு போர் வந்தது, அந்த முயற்சி அப்படியே கரைந்துபோயிற்று. கானோவும் 1938இல், ஒலிம்பிக் கமிட்டி வேலையாக வெளிநாடு சென்று ஊர் திரும்பும் வழியில், கப்பலிலேயே இறந்துபோனார்.

போர் முடிந்தபிறகு மறுபடி தொடங்கியது லண்டனில். 1948 ஜூலை 28, அதாவது லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு முந்தைய நாள், பிரிட்டன், இத்தாலி, நெதர்லாந்து முதலான சில நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஐரோப்பிய ஜூடோ ஒன்றியத்தை அமைத்தார்கள். அப்போது உலக ஜூடோ சம்மேளனம் என்ற ஒன்றே இல்லை. அர்ஜென்டினா இந்த ஐரோப்பிய அமைப்பில் சேர விண்ணப்பித்தபோதுதான் சிக்கல் வந்தது: தென் அமெரிக்க நாட்டை ஐரோப்பாவில் எப்படிச் சேர்ப்பது? 1951 ஜூலையில் சர்வதேச ஜூடோ சம்மேளனம் பிறந்ததற்கு இந்த விண்ணப்பம் ஒரு காரணம். அதன் முதல் தலைவர் இத்தாலியின் ஆல்டோ டோர்ட்டி. ஜப்பான் பிறகுதான் உள்ளே வந்தது. 1952இல் கானோவின் மகன் ரிசேய் கானோ தலைவரானார். பிறந்த நாட்டை விட்டுவிட்டு உலக அமைப்பை உருவாக்கி, அப்புறம் பிறந்த நாட்டை அழைத்துத் தலைமை கொடுத்த விளையாட்டு வேறு எது இருக்கிறது என்று தெரியவில்லை.

சம்மேளனம் பிறந்த 1951இன் டிசம்பரில் பாரிசில் முதல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் நடந்தது. இன்றைக்குப் பார்த்தால் விசித்திரமான போட்டி அது. எடைப் பிரிவே இல்லை. யார் யாரோடு மோதுவது என்பதைப் பட்டையின் படிநிலை தீர்மானித்தது. முதல் டான் (கறுப்புப் பட்டையின் முதல் படி) பெற்றவர்கள் ஒரு பிரிவு, இரண்டாம் டான் இன்னொரு பிரிவு என்று போகும். அதற்குமேல் எல்லோரும் கலந்துகொள்ளும் திறந்த பிரிவு. பிரான்சின் ஜான் த ஹெர்ட் அந்தப் போட்டியின் பெரிய பெயர். பிரான்சுக்குப் பதக்கம் புதிதில்லை என்று இன்று நாம் சொல்வோம். அந்தக் கணக்கு தொடங்கிய இடம் அதுதான்.

படிநிலையால் பிரிப்பதில் ஒரு நியாயம் இருந்தது. சின்ன உருவம்கூடப் பெரிய உருவத்தைத் தூக்கிப் போடலாம், எதிரியின் பலத்தையே அவனுக்கு எதிராகத் திருப்பலாம் என்பதுதானே ஜூடோவின் அடிப்படை வாக்குறுதி? அப்படியிருக்க எடை பார்த்துப் பிரிப்பது அந்த வாக்குறுதியில் நமக்கே நம்பிக்கை இல்லை என்று ஒப்புக்கொள்வதுபோல் ஆகாதா? ஜப்பானியர்களின் வாதம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. கேட்க அழகான வாதம். அதை உடைத்தவர் உத்ரெக்ட் நகரத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவர்.

ஆறடி ஆறங்குல வாதம்

ஆன்டன் கீசிங்க் 1951 பாரிஸ் போட்டியில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 17. தன் பிரிவில் இரண்டாவதாக வந்தார். அடுத்த ஆண்டு முதல் பட்டம். அங்கிருந்து 1967 வரை மொத்தம் 21 ஐரோப்பியப் பட்டங்கள். பதினாறு ஆண்டில் இருபத்தொன்று எப்படி வரும் என்று கேட்கத் தோன்றும். படிநிலைப் பிரிவு, எடைப் பிரிவு, திறந்த பிரிவு என்று ஒரே போட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவில் இறங்க அப்போது வழி இருந்தது. ஒரே ஆண்டில் இரண்டு மூன்று தங்கம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இன்றைய வீரர்கள் யாரும் இந்த எண்ணிக்கையை நெருங்க முடியாததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர் உண்மையிலேயே அப்படிப்பட்ட ஆள்.

1.98 மீட்டர் உயரம். வெறும் உருவத்தை வைத்து அவர் ஜெயித்தார் என்று சொல்வது அநியாயம். 1953இல் பிரான்சுக்கு வந்து போர்தோ நகரில் தங்கிவிட்ட ஹாகு மிச்சிகாமி என்ற ஜப்பானிய ஆசிரியர் அவரைச் செதுக்கினார். கால் வாரும் நுட்பமும் தரையில் அமுக்கிப் பிடிக்கும் கலையும் அந்த உடம்புக்குள் சேர்ந்தபோது என்ன ஆகும் என்பதை ஐரோப்பா 1950கள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜப்பான் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1956இல் டோக்கியோவில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் கீசிங்க் அரையிறுதியில் யோஷிஹிகோ யோஷிமாட்சுவிடம் தோற்றார். சரி, உலகம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று கோடோக்கான் நினைத்திருக்கலாம்.

1961 டிசம்பரில் பாரிசில் அந்த ஒழுங்கு குலைந்தது. எடைப் பிரிவே இல்லாத அந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஒரே நாளில் ஜப்பானின் மூன்று பேரையும் கீசிங்க் வரிசையாக வீழ்த்தினார். இறுதியில் தோற்றவர் நடப்பு உலகச் சாம்பியன் கோஜி சோனே. மூன்று ஆண்டு கழித்து, 1964 அக்டோபர் 23, டோக்கியோ புடோக்கான் அரங்கில் ஒலிம்பிக் திறந்த பிரிவின் இறுதிப் போட்டி. எதிரே அகியோ கமினாகா. ஒன்பது நிமிடம் தாண்டிய நிலையில் கீசிங்க் அவரைத் தரையில் கழுத்தோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தார். கமினாகாவால் எழ முடியவில்லை. டச்சு ரசிகர்கள் சிலர் பாய்மேல் ஏறி ஓடிவந்தபோது, வெற்றி பெற்ற கையோடு கீசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். தோற்றவருக்கு மரியாதை செலுத்தாமல் கொண்டாட்டம் கூடாது என்ற அந்தச் சைகையை ஜப்பான் மறக்கவே இல்லை. தோல்வியை அவர்கள் ஏற்றுக்கொண்டதற்கு அதுவும் காரணம் என்று சொல்வார்கள்.

எடைப் பிரிவு விவகாரம் இதற்குள் ஐரோப்பாவில் தீர்ந்துபோயிருந்தது. 1950களின் பிற்பகுதியிலேயே ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் படிநிலைப் பிரிவுகளோடு எடைப் பிரிவுகளும் சேர்ந்துவிட்டன. டோக்கியோ ஒலிம்பிக்கில் 68 கிலோ, 80 கிலோ, 80க்கு மேல், திறந்த பிரிவு என்று நான்கு இருந்தன. அப்புறம் பிரிவுகள் பெருகின. 1977இல் ஆண்களுக்கு ஏழு எடைகளும் ஒரு திறந்த பிரிவும் ஆயிற்று. 1998இல் இன்றைய 60, 66, 73, 81, 90, 100, 100க்கு மேல் என்ற வரிசை வந்தது. பட்டையின் படிநிலை போட்டியிலிருந்து சுத்தமாக மறைந்தது. 1984க்குப் பிறகு ஒலிம்பிக்கில் திறந்த பிரிவும் இல்லை. கீசிங்க் வென்ற பிரிவே இன்று அங்கே கிடையாது.

சட்டையை மாற்றிக்கொண்டு வந்தவர்கள்

1962, ஜெர்மனியின் எஸ்ஸன் நகரம். ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் முதல்முறையாகச் சோவியத் அணி. அவர்களில் பெரும்பாலோர் ஜூடோக்காரர்களே இல்லை. சாம்போ என்ற சோவியத் மல்யுத்தத்தில் வளர்ந்தவர்கள். சாம்போவில் மேலே ஒரு கெட்டித் துணிச் சட்டை, கீழே அரைக்கால் சட்டை, காலில் ஷூ. அதைக் கழற்றிவிட்டு ஜூடோ உடையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். நிற்கும் விதமே வேறு. முதுகுக்கு மேலாகக் கையைப் போட்டு பெல்ட்டைப் பிடிப்பார்கள். காலைப் பிடித்து வாரித் தூக்குவார்கள். விழுந்த வேகத்திலேயே எதிரியின் கையைத் தொடைகளுக்கு நடுவில் இழுத்து முழங்கையை நெரிப்பார்கள். பாரிசிலும் லண்டனிலும் ஜப்பானிய ஆசிரியர்களிடம் அழகாகக் கற்றவர்களுக்கு இதற்கெல்லாம் பதிலே தெரியவில்லை.

இதில் ஒரு சோகமான திருப்பம் உண்டு. சாம்போவின் மூலவர்களில் ஒருவரான வாசிலி ஒஷ்செப்கோவ், கானோவின் கோடோக்கானில் படித்து 1913இல் கறுப்புப் பட்டை வாங்கியவர். அந்தப் பட்டையைப் பெற்ற முதல் ரஷ்யர் அவர். ஜப்பானில் கற்றதை ரஷ்யாவுக்குக் கொண்டுபோய், உள்ளூர் மல்யுத்தங்களோடு கலந்து வளர்த்தார். 1937இல் ஸ்டாலின் காலக் களையெடுப்பில் ஜப்பானிய உளவாளி என்ற குற்றச்சாட்டில் கைதாகி, சில நாளிலேயே சிறையில் இறந்தார். அவருடைய பெயரும் ஜூடோ என்ற பெயரும் அழிக்கப்பட்டன, ஆட்டம் மட்டும் சாம்போ என்று வாழ்ந்தது. ஆக 1962இல் எஸ்ஸனுக்கு வந்து ஜூடோவைத் திகைக்கவைத்தது, ஐம்பது ஆண்டுக்கு முன் ஜப்பானைவிட்டுப் போன ஜூடோவின் பேரப்பிள்ளைதான்.

இரண்டே ஆண்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் சோவியத்துக்கு நான்கு வெண்கலம். 1972 மியூனிக்கில் ஜார்ஜியாவின் ஷோட்டா சொச்சிஷ்விலி தங்கம் வென்றார். அதே மியூனிக்கில் இரண்டு தங்கம் எடுத்த நெதர்லாந்தின் விம் ருஸ்கா ஐரோப்பாவில் ஏழு பட்டம் பெற்றவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோவியத் வீரர்களோடு ஆண்டுதோறும் மோதி மோதித்தான் மேற்கு ஐரோப்பியர்களும் தங்கள் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். பிரிட்டனின் நீல் ஆடம்ஸ் ஐந்து முறை ஐரோப்பியச் சாம்பியன். 1981இல் மாஸ்ட்ரிக்ட் உலக சாம்பியன்ஷிப் இறுதியில் அவர் ஜப்பானின் ஜிரோ கேஸேயை வீழ்த்தியது ஒரு கைப்பூட்டால். அந்தப் பூட்டு கோடோக்கான் பாடத்திலேயே இருக்கும் பழைய நுட்பம்தான். அதை எந்த நிலையிலிருந்தும், உருண்டுகொண்டே, விடாமல் தேடிப் போகும் பழக்கத்தை ஜூடோவில் பரப்பியதில் சாம்போக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜார்ஜியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சோவியத் அணியின் முதுகெலும்பாக இருந்தவர்களில் பலர் அந்தச் சின்ன மலைநாட்டுக்காரர்கள். அங்கே சிடாவோபா என்ற நாட்டுப்புற மல்யுத்தம் உண்டு. இசைக்கருவிகள் முழங்க, கையில்லாத சட்டையும் பெல்ட்டும் போட்டு மோதுவார்கள். பெல்ட்டைப் பிடித்து உயரே தூக்கிச் சுழற்றும் பழக்கம் அங்கிருந்து வருகிறது. 1980 ஒலிம்பிக் சாம்பியன் ஷோட்டா கபரேலியின் பெயரால் ஒரு வீச்சே அழைக்கப்படுகிறது. ஐரோப்பிய சாம்பியன்ஷிப் 2009இல் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிக்கு வந்தபோது அது ஒருவிதத்தில் ஊர் திரும்பியது மாதிரிதான்.

ஆனால் மறுஆண்டே அவர்களுடைய கையைக் கட்டிப்போட்டார்கள். 2010இல் காலை நேரடியாகப் பிடிப்பது தண்டனைக்குரியது ஆயிற்று. 2013இல் இடுப்புக்குக் கீழே கை போனாலே தவறு என்ற நிலை. ஜூடோவுக்கும் மல்யுத்தத்துக்கும் பார்ப்பவர்களுக்கு வேறுபாடு தெரிய வேண்டும், இல்லையென்றால் ஒலிம்பிக்கில் இரண்டும் எதற்கு என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்பது சம்மேளனத்தின் கவலை. ஆட்டம் நிமிர்ந்து நின்று ஆடப்படுகிறது, பெரிய வீச்சுகள் கூடியிருக்கின்றன என்பது உண்மை. ஐம்பது ஆண்டாகக் கிழக்கிலிருந்து வந்து சேர்ந்த செல்வத்தில் ஒரு பங்கைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்பதும் உண்மை. எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்வு. ஜார்ஜியர்கள் இதற்காக அழுதுகொண்டு உட்காரவில்லை. காலைத் தொடாமலே தூக்கிப் போடக் கற்றுக்கொண்டு இன்றும் பதக்கம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்கள் வந்த ஆண்டு

1975இல் மியூனிக்கில் பெண்களுக்கான முதல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் நடந்தது. ஜப்பானில் பெண்கள் கோடோக்கானில் சேர்ந்து நீண்ட காலமாகப் படித்துவந்தார்கள். ஆனால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் கட்டா எனப்படும் ஒழுங்குமுறைப் பயிற்சி. போட்டியில் மோதுவது பெண்களுக்கு உகந்ததில்லை என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. அனைத்து ஜப்பான் பெண்கள் சாம்பியன்ஷிப்பே 1978இல்தான் தொடங்கியது.

இந்த மூன்று ஆண்டு முன்னிலை என்ன செய்தது என்பது 1980 நவம்பரில் தெரிந்தது. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பெண்களுக்கான முதல் உலக சாம்பியன்ஷிப். ரஸ்டி கனோகோகி என்ற அமெரிக்கப் பெண்மணி தன் வீட்டை அடமானம் வைத்து நடத்திய போட்டி அது. மொத்தம் எட்டுத் தங்கம். எட்டும் ஐரோப்பாவுக்கு. பிரிட்டனின் ஜேன் பிரிட்ஜ், பிரான்சின் ஜோஸ்லின் திரியாதூ, பெல்ஜியத்தின் இங்க்ரிட் பெர்க்மான்ஸ், இவர்களோடு ஆஸ்திரியாவுக்கு மட்டும் மூன்று. பயிற்சி வகுப்பிலிருந்து போட்டிக்கு வருவதற்கு ஒரு களம் வேண்டும். ஐரோப்பியப் பெண்களுக்கு அது ஐந்து ஆண்டாக இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. திறமையைப் பற்றிய பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பெல்ஜியம் கதை தனி. ஒரு கோடி மக்கள் கொண்ட நாடு. பெர்க்மான்ஸ், உல்லா வெர்புருக், கெல்லா வாண்டகாவே என்ற மூன்று பெண்களும் ஆளுக்கு ஏழு ஐரோப்பியப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். 1987இல் பாரிசில் ஆண்கள் பெண்கள் இருவருக்கும் ஒரே இடத்தில் ஒரே போட்டியாக நடத்த ஆரம்பித்தார்கள். ஒலிம்பிக் இதற்குப் பின்னால்தான் வந்தது: 1988இல் செயல்விளக்கப் போட்டி, 1992 பார்சிலோனாவில் முழுப் பதக்கம். 2017இல் வார்சாவில் உக்ரைனின் டாரியா பிலோடிட் 16 வயதில் ஐரோப்பியச் சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு உலகச் சாம்பியனும் ஆகி, மிக இளம் வயதில் உலகப் பட்டம் வென்றவர் என்ற ஜப்பானின் ரியோகோ தமுராவின் சாதனையை முறியடித்தார்.

நீலம்

நீல உடை விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யோசனையைச் சொன்னவர் கீசிங்க்தான், 1980களில். இருவரும் வெள்ளையில் இருந்தால் யார் யாரை வீசினார்கள் என்று தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குப் புரியாது, நடுவருக்கே சில நேரம் குழப்பம் வரும் என்றார். ஐரோப்பா தன் போட்டிகளில் போட்டுப் பார்த்தது. வெள்ளை தூய்மையின் நிறம், அதை விற்கக் கூடாது என்றது ஜப்பான். ஏழை நாட்டு வீரர் இரண்டு செட் உடைக்குக் காசுக்கு எங்கே போவார் என்ற கேள்வியும் எழுந்தது. என்னைக் கேட்டால் அதுதான் இரண்டில் வலுவான வாதம். 1997இல் பாரிசில் கூடிய சர்வதேச சம்மேளனம் நீலத்தை ஏற்றது. ஒலிம்பிக்கில் முதலில் தெரிந்தது 2000 சிட்னியில். ஜப்பான் தன் உள்நாட்டுப் போட்டிகளில் இன்னும் இருவருக்கும் வெள்ளைதான் போடுகிறது.

யார் ஐரோப்பா?

பனிப்போர்க் காலத்தில் இந்தப் போட்டி சுவருக்கு இரண்டு பக்கமும் போய்வந்தது. பெர்லின் சுவர் எழும்பி மூன்றே ஆண்டில், 1964இல், கிழக்கு பெர்லினில் நடந்தது. 1970இல் மறுபடி அங்கேயே. 1976இல் கீவ். சோவியத் யூனியன் கடைசியாக ஆடியது 1991 பிராகில். அதற்கப்புறம் ஒரே அணி உடைந்து பல அணிகள் ஆயின. கஜகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் மற்ற மத்திய ஆசியக் குடியரசுகளும் ஆசியாவுக்குப் போய்விட்டன. ஜார்ஜியா, ஆர்மீனியா, அஜர்பைஜான் ஐரோப்பாவில் தங்கின. விளைவு, முன்பு ஓர் எடைக்கு ஒரு சோவியத் வீரரைச் சமாளித்தால் போதும் என்று இருந்தவர்கள் இப்போது ஆறேழு பேரைச் சமாளிக்க வேண்டியதாயிற்று. சோவியத் முகாமுக்குள்ளேயே மூன்றாவதாக, நான்காவதாக நின்று வெளிச்சம் படாமல் போனவர்களுக்கெல்லாம் இப்போது சொந்தக் கொடி கிடைத்தது.

சிலர் வேறு கொடியைத் தேடியும் போனார்கள். 2004 புக்கரெஸ்டில் ஐரோப்பியச் சாம்பியனாகி, அதே ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 17 வயதில் கிரேக்கத்துக்குத் தங்கம் வாங்கிக்கொடுத்த இலியாஸ் இலியாடிஸ் ஜார்ஜியாவில் பிறந்தவர். அவருடைய உறவினர் ஜூராப் ஸ்வியாதாவுரி அதே ஏதென்சில் ஜார்ஜியாவுக்காகத் தங்கம் வென்றார். பயிற்சியாளர்களும் இப்படித்தான். 1980 மாஸ்கோவில் இத்தாலிக்காகத் தங்கம் வென்ற எட்சியோ கம்பா, 2012 லண்டனில் ரஷ்ய அணிக்கு மூன்று தங்கம் கிடைத்தபோது அந்த அணியின் பயிற்சியாளர்.

இஸ்ரேல் ஐரோப்பாவில் இருப்பது வேறு காரணத்தால். ஆசிய விளையாட்டு அமைப்புகளிலிருந்து அது வெளியேற்றப்பட்டபின் பல விளையாட்டுகளில் ஐரோப்பாதான் அடைக்கலம். யாயெல் அராட் 1992இல் அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வென்றார், 1993 ஏதென்சில் ஐரோப்பியச் சாம்பியன். 2018இல் டெல் அவீவ் போட்டியை நடத்தியது, சாகி முக்கி உள்ளூர் ரசிகர்கள் முன்னால் தங்கம் எடுத்தார்.

கொசோவோவின் கதை இன்னும் கூர்மையானது. இருபது லட்சத்துக்கும் குறைவான மக்கள். பாதி உலகம் அதை ஒரு நாடாகவே ஏற்கவில்லை. பெயா என்ற ஊரில் டிரிடன் குகா என்ற பயிற்சியாளர் நடத்தும் சங்கத்திலிருந்து வந்தவர் மைலிண்டா கெல்மெண்டி. 2012 ஒலிம்பிக்கில் அவர் அல்பேனியாவுக்காக ஆட வேண்டியிருந்தது. 2013இல் கொசோவோவின் பெயரில் உலகச் சாம்பியன். 2014இல் மோண்ட்பெல்லியேவில் ஐரோப்பியச் சாம்பியன். அதே ஆண்டு ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், ரஷ்யா கொசோவோவை ஏற்காததால், சர்வதேச சம்மேளனத்தின் கொடியின்கீழ் ஆடி மறுபடி தங்கம் எடுத்தார். 2016இல் ரியோவில் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம், அதுவும் தங்கம். 2024 வரை கொசோவோ வாங்கிய ஒலிம்பிக் பதக்கங்கள் அத்தனையும் ஜூடோவில்தான். ஐரோப்பிய ஜூடோ ஒன்றியமும் சர்வதேச சம்மேளனமும் ஒலிம்பிக் கமிட்டிக்கு முன்பே கதவைத் திறந்துவிட்டதால்தான் இது நடந்தது.

கதவைத் திறந்த அதே அமைப்புகள்தான் இன்னொரு பக்கம் மாஸ்கோவோடு மிக நெருக்கமாகவும் இருந்தன. விளாதிமிர் புதின் ஜூடோக்காரர், சர்வதேச சம்மேளனத்தின் கௌரவத் தலைவராக இருந்தவர். ஐரோப்பிய ஜூடோ ஒன்றியத்தின் தலைவராக 2007 முதல் இருந்தவர் ரஷ்யாவின் செர்கேய் சொலோவெய்சிக். ஐரோப்பிய சாம்பியன்ஷிப் 2012இல் செல்யாபின்ஸ்கிலும் 2016இல் கசானிலும் நடந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது படையெடுப்பு தொடங்கிய சில நாட்களில் புதினின் கௌரவப் பதவி நிறுத்திவைக்கப்பட்டது, சொலோவெய்சிக் பதவி விலகினார். 2023இல் ரஷ்யர்களை நடுநிலை வீரர்களாகத் தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் அனுமதித்தபோது உக்ரைன் அந்தப் போட்டியையே புறக்கணித்தது. நடுநிலை என்பதை யார் எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்வியை ஜூடோ அமைப்புகள் திருப்தியாகக் கையாண்டதாக நான் சொல்லமாட்டேன்.

அரசியல் மட்டுமல்ல, விளம்பரப் பணமும் ஒருமுறை போட்டியைக் கவிழ்த்தது. 2015 சாம்பியன்ஷிப் கிளாஸ்கோவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் ஜூடோ சங்கம் யூஎஃப்சி என்ற கூண்டுச் சண்டை நிறுவனத்தோடு விளம்பர ஒப்பந்தம் போட்டது. ஜூடோவின் மதிப்புகளுக்கு இது ஒவ்வாது என்று சொல்லி ஐரோப்பிய ஜூடோ ஒன்றியம், போட்டிக்குச் சில மாதம் முன்பு கிளாஸ்கோவிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டது. கடைசியில் அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த முதல் ஐரோப்பிய விளையாட்டுப் போட்டியின் ஒரு பகுதியாக அது முடிந்தது. செல்யாபின்ஸ்க் ஒவ்வியது, கூண்டுச் சண்டை விளம்பரம் ஒவ்வவில்லை. மதிப்புகளின் பட்டியலை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இன்று இதற்கு என்ன மதிப்பு?

2009இல் உலகத் தரவரிசை வந்தபிறகு இந்தப் போட்டியின் எடை கொஞ்சம் குறைந்தது. இப்போதைய கணக்கில் கண்ட சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றால் 700 புள்ளி. ஆண்டில் பலமுறை நடக்கும் கிராண்ட் ஸ்லாமில் 1000. உலக சாம்பியன்ஷிப்பில் 2000. ஒலிம்பிக் இடத்துக்கு இந்தப் புள்ளிகள்தான் வழி என்பதால் பெரிய வீரர்கள் கணக்குப் பார்த்துத்தான் வருகிறார்கள். பிரான்சின் டெடி ரினேர் 2007 பெல்கிரேடில் 18 வயதில் முதல் ஐரோப்பியப் பட்டம் வென்றார். அவ்வளவு நீண்ட வாழ்வில் மொத்தம் ஐந்துதான். அவருடைய உலகப் பட்டங்கள் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கீசிங்க் காலத்தில் இப்படி ஒரு விகிதத்தை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

அந்த 700 புள்ளியில் இன்னொரு நெருடலும் இருக்கிறது. ஐந்து கண்டங்களின் சாம்பியன்களுக்கும் அதே 700தான். ஐரோப்பாவில் ஓர் எடைப் பிரிவில் முதல் சுற்றிலேயே ஒலிம்பிக் பதக்கக்காரர் ஒருவர் எதிரே நிற்கலாம். சிறிய கண்டப் போட்டிகளில் சில எடைகளில் இரண்டு மூன்று வெற்றியே தங்கத்துக்குப் போதும். எல்லாக் கண்டத்துக்கும் ஒலிம்பிக் வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நல்ல நோக்கம்தான், ஐரோப்பியப் பயிற்சியாளர்கள் முணுமுணுப்பதும் நியாயம்தான். வெளிச்சம் கிராண்ட் ஸ்லாம்களுக்குப் போய்விட்டாலும், பல நாடுகள் ஆண்டுக்கு ஒருமுறை இதற்காகக் கூடுகின்றன. 2024இல் ஜாக்ரெப். 2025 ஏப்ரலில் ஆறு லட்சம் பேர் வாழும் மாண்டினீக்ரோவின் தலைநகர் போட்கொரிட்சா. 2017இல் நீக்கிய யூகோ என்ற சிறு மதிப்பெண் அந்த ஆண்டுதான் விதிப்புத்தகத்துக்குத் திரும்பியிருந்தது. அது திரும்பியபிறகு அதை வைத்து ஐரோப்பியப் பட்டங்கள் முதலில் தீர்மானமானது போட்கொரிட்சாவில்.